இஸ்திரி போட்ட கடிதம்

வீட்டில் என்றால் படுக்கை விரிப்பை ஒரே ஆளாக மடித்துவிடலாம். தாடையில் இடுக்கிக்கொண்டு, கையை அகலமாக விரித்து, எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். எங்கள் சலவைக்கூடத்தில் அந்த வேலை நடக்காது. சூடான ரோலரிலிருந்து விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதனால் மடிக்கிற இடத்தில் எப்போதும் இரண்டிரண்டு பேர். இரண்டு மூலைகளை ஒருத்தி பிடித்துக்கொள்ள, அடுத்த இரண்டு மூலைகளோடு இன்னொருத்தி பின்னால் நடப்பாள். உதறுவோம். நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு. பிறகு எதிரெதிரே நடந்துவந்து மூலையோடு மூலை சேர்ப்போம். பேச்சு அப்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் இயந்திர இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் எதிராளிக்குக் கேட்காது.

ஆகவே எங்கள் பேச்சு விரிப்புக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு என்றுதான் நடக்கும். ஒரு மாமியார் கதையைச் சொல்லி முடிக்க நாற்பது விரிப்பாவது வேண்டும்.

என் ஜோடியாக அவள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கூடத்தில் அவளுக்கு 'நாலுமூலை' என்று பெயர். மூலைகள் ஒரு நூல் பிசகினாலும் விரிப்பை மறுபடி உதறச் சொல்வாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கா இது. படுத்துக் கெடக்கிறவங்களுக்கு இதாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்பாள். அவளுடைய ஒழுங்கால் எங்கள் மேசை பின்தங்கி, சூப்பர்வைசரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

அவள் வீட்டுக்காரருக்கு அதே கூடத்தில் கையால் இஸ்திரி போடுகிற வேலை. டாக்டர் கோட்டுகளும் ஓட்டல் சீருடைகளும் அவர் மேசைக்குத்தான் போகும். அவருக்குப் பெயரே 'இஸ்திரி'. சுருக்கம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வருகிற மின்கட்டணச் சீட்டு, காலண்டர் தாள், மருந்துக்கடைப் பை எல்லாவற்றையும் மெல்லிய துணிக்கு அடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடக்கிற காகிதம்கூட மொடமொடவென்று இருக்கும். அவர்கள் குடியிருந்தது எனக்கு மேல்மாடியில். இஸ்திரிப்பெட்டியை மேசைமேல் வைக்கிற சத்தம் என் தலைக்கு நேரே கேட்கும். இன்றைக்கு எந்தக் காகிதமோ என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த இருவருக்கும் ஒரு மகள். பத்து வயது. ஊரில் அவளுடைய பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். ஆறு வயதில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தார்கள். ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அப்போதைய திட்டம். முதல் இரண்டு வருடம் லீவு கிடைக்கவில்லை. பிறகு நிரந்தரமாக இங்கே இருப்பதற்கான அட்டைக்கு மனுப் போட்டார்கள். தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேருக்கும் ஒரே மனு, ஒரே எண். அந்த எண் கிடைத்தபோது எனக்கு இனிப்புக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இருபத்திரண்டு மாதம் ஓடிவிட்டது. கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். குழந்தை பிறக்கக்கூட இதில் பாதிக் காலம்தான் ஆகிறது.

எனக்கு அட்டை வந்து ஆறு வருடம் ஆகிவிட்டதால் இந்த வட்டாரத்தில் யாருக்கு மனுச் சிக்கல் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்குத் தெரிந்த சட்டம் கொஞ்சம்தான். ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால், மனுவை நீயே கைவிட்டாய் என்று முடித்துவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டு, திரும்பி வருவதற்கான அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வெளியே போகிறவரை யாரும் தடுக்கமாட்டார்கள். கேள்வியெல்லாம் திரும்பி வரும்போதுதான்.

அன்றைக்கு நல்ல மழை. கூடத்துக்குள் வெயில்காலப் புழுக்கம், வெளியே ஈரம். காலையிலிருந்து அவள் முகம் சரியில்லை. மூன்றாவது தள்ளுவண்டி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மூலை சேர்க்க வந்தவள் சொன்னாள்:

"அக்கா ஒரு போட்டோ அனுப்பிச்சிருக்கா."

அடுத்த விரிப்பில்: "பாப்பாவோட ஸ்கூல் ஃபாரம். அடுத்த வகுப்புக்குப் பாப்பாவே எழுதிக் குடுத்திருக்கா."

"நல்லதுதானே, கையெழுத்து அழகா இருக்குமே" என்றேன் நான், அதற்கடுத்த விரிப்பில்.

"அம்மா பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல எங்க அக்கா பேரை எழுதியிருக்கா."

அதற்கடுத்த விரிப்பில் மூலைகள் நாலு விரல் தள்ளிப்போயிருந்தன. உதறச் சொல்வாள் என்று நான் நின்றேன். அவள் அப்படியே மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மூன்று வருடத்தில் அப்படி அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். பயண அனுமதிக்கு எழுதிப்போட வேண்டும் என்றாள் அவள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. சாவு, அறுவை சிகிச்சை, கோர்ட்டு என்று அவர்களே சில காரணங்களை அச்சடித்து வைத்திருந்தார்கள். 'மற்றவை' என்று கடைசியில் ஒன்று.

"உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிடலாமா?" என்றார் இஸ்திரி.

"எங்க அம்மா போய்ச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சு. அவளை எதுக்கு இழுக்கிறீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"உள்ளதை எழுதுங்க. பிள்ளையைப் பாத்து நாலு வருஷம் ஆகுதுன்னு எழுதுங்க. அதைவிட என்ன காரணம் வேணுமாம் அவங்களுக்கு?"

அப்படியே எழுதினோம். ரெண்டு பேரும் போனால் வேலை இருக்காது என்பதால் அவளுக்கு மட்டும் கேட்டோம். பள்ளி விடுமுறையை ஒட்டிப் பத்து வேலைநாள். சூப்பர்வைசர் கையைக் காலைப் பிடித்து லீவும் வாங்கிவிட்டாள். ஓட்டல்களில் கூட்டம் குறைகிற மாதம் என்பதால் அந்த ஆள் மனமிரங்கினான். டிக்கெட்டும் போட்டாயிற்று, மாற்ற முடியாத டிக்கெட். பயணப்பெட்டியில் துணி வைக்க ஆரம்பித்தாள். பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன அளவு என்று தெரியாமல் ஒரே சட்டையில் இரண்டு அளவு வாங்கினாள்.

கடிதம் மட்டும் வரவில்லை. பதினோரு வாரம் ஆயிற்று. திங்கட்கிழமை விமானம், வியாழக்கிழமை பகல்வரை தபால்பெட்டி காலி.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். தலைக்கு மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எதுவோ விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. அவர் படியிறங்கி வந்து என் கதவருகே நின்றார். வழக்கமாகச் சட்டைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருக்கிற மனுஷன், பனியனோடு நின்றார்.

"அக்கா, கொஞ்சம் மேல வரீங்களா? அவ இன்னும் வரல."

"கடிதம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றார். சந்தோஷமாகச் சொல்லவேண்டிய வார்த்தையை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அவர் பின்னால் மாடியேறினேன்.

எங்கள் கட்டடத்தின் தபால்பெட்டிகள் கீழ் நடையில், கூரை ஒழுகுகிற இடத்தில் இருக்கின்றன. தபால்காரர் உறையை இரண்டாக வளைத்துச் செருகியிருக்கிறார். மழைத்தண்ணீர் இறங்கிக் கடிதம் நனைந்து சுருண்டுவிட்டது. முதலில் வீட்டுக்கு வந்தது இவர். ஈரமும் சுருக்கமுமாக ஒரு காகிதம், அதுவும் அதிகாரி முன்னால் நீட்டவேண்டிய காகிதம், இவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? கைக்குட்டையை மேலே விரித்து, சூட்டைக் குறைத்து, பக்குவமாகத்தான் இழுத்திருக்கிறார். காகிதம் விறைப்பாக நின்றது. ஆனால் கீழ்மூலையில் இருந்த வெள்ளி முத்திரை சூட்டில் கடலைத்தோல் மாதிரி சுருண்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் 'இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும்' என்ற வரியில் இருந்த தேதி, மையோடு கைக்குட்டையில் ஏறிவிட்டது. காகிதத்தில் மாதம் மட்டும் மங்கலாக மிச்சம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"தேதி எங்கயும் போயிடலக்கா. இதுல இருக்கு பாருங்க" என்று கைக்குட்டையை விளக்குக்கு நேரே பிடித்தார். இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எண்கள் திரும்பி இருந்தன.

"இதைப் போய் எதுக்குத் தம்பி இஸ்திரி போட்டீங்க?"

"கசங்குன காகிதத்தோட போய் நின்னா அவங்க அவளை எப்படிப் பாப்பாங்கன்னு நெனைச்சேன். நம்ம ஆளுங்களை ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பாக்கிறாங்க. ஒரு சுருக்கம் இல்லாம, நிமிந்து நிக்கட்டுமேன்னுதான்."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கை அந்தக் கைக்குட்டையை நீவிக்கொண்டே இருந்தது. இருபது வருடமாகச் சூட்டை அளந்து பழகிய கை அது.

அவள் வந்தாள். குடையை மடக்கி வாளியில் வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அவர் கடிதத்தை நீட்டினார். அவள் வாசித்தாள், முத்திரையை விரலால் தொட்டாள், பிறகு கைக்குட்டையைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"சோறு வச்சாச்சா?" என்றாள்.

"வைக்கல."

"அப்ப வைங்க. பசிக்குது."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், துணிமாற்றும் அறையில் உட்கார்ந்து உதவி எண்ணுக்குப் பேசினோம். பேசினோம் என்பது பெரிய வார்த்தை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்து, ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டே நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டோம். இடையிடையே எங்கள் அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். நான்தான் விவரம் சொன்னேன். இஸ்திரி போட்டார்கள் என்பதை அவளுக்குப் புரியவைக்க இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. மாற்றுக் கடிதத்துக்கு எழுதிப்போடலாம், எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும் என்றாள். இதை வைத்துக்கொண்டு போய்வந்தால் உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். அது அன்றைக்கு அந்த மேசையில் இருக்கிற அதிகாரியின் முடிவு, பயணம் உசிதமல்ல என்றாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இதற்குத்தான் நாற்பது நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பெட்டி பாதி கட்டிய நிலையில் நடுக்கூடத்தில் திறந்து கிடந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

"போக வேணாம்" என்றார் இஸ்திரி. "திரும்பி வரும்போது விடலன்னா என்ன செய்யறது? மூணு பேருக்கும் ஒரே நம்பர். உன்னோட சேந்து எல்லாம் போச்சு. நான் இங்க, நீங்க ரெண்டு பேரும் அங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்குத் தெம்பு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா?"

"அதுக்குத்தான் சொல்றேன். பத்து வாரம்தானே. புதுசு வாங்கிட்டுப் போ."

"பத்து வாரத்துல ஸ்கூல் தொறந்துடும். இங்க ஓட்டல்ல கூட்டம் வந்துடும், லீவு கெடைக்காது. அப்புறம் அடுத்த வருஷம்பீங்க. அடுத்த வருஷம் அவளுக்குப் பதினொண்ணு."

"பதினொண்ணானா என்ன? ஓடியா போயிடப் போறா?"

"அவ எதுக்கு ஓடணும்? ஓடி வந்தது நாமதானே."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். எனக்கென்று ஊரில் யாரும் இல்லாததால் போவதா வேண்டாமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அட்டை கைக்கு வந்த வருடம் ஊருக்குப் போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு நான்காம் நாளே திரும்பிவிட்டேன். அப்படிப்பட்டவள் என்ன சொல்வது? "சட்டம் கேட்டா போகாதன்னுதான் சொல்லணும்" என்றேன். "மனசைக் கேட்டா எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுதுக்கா" என்றாள் அவள். கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். இஸ்திரி எழுந்து போய் அந்தக் கைக்குட்டையைக் கொண்டுவந்தார்.

"இதையும் வச்சுக்கோ. தேதி கேட்டா காட்டு."

"என்னன்னு சொல்லிக் காட்டுறது?"

"என் புருஷன் முட்டாள்னு சொல்லு. அதுக்கும் சேத்து அதுதான் அத்தாட்சி."

அவள் சிரித்தாள். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு ஆறின குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டோம்.

அவள் போன பத்து நாளும் எனக்கு ஜோடி கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் இஸ்திரியையே என் மேசைக்கு அனுப்பினான். அவர் மூலை சேர்க்கவே வரமாட்டார், விரிப்பை இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுத்துக்கொண்டே நிற்பார். "தம்பி, இது மடிக்கிற எடம்" என்று நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாவது நாள் கவனித்தேன், அவர் சட்டை கசங்கியிருந்தது. மாடியில் இஸ்திரிப்பெட்டி வைக்கிற சத்தமும் அவள் போன நாளிலிருந்து நின்றுபோயிருந்தது.

தினமும் வேலை முடிந்ததும் ஊருக்குப் பேசுவார். மறுநாள் எனக்கு விரிப்புக்கு ஒரு வாக்கியமாகச் செய்தி வரும்.

"பேச மாட்டேங்கிறாளாம் பாப்பா."

"அப்படின்னா?"

"கேட்டதுக்குத் தலையாட்டுறாளாம். ஆனா இவ எங்க போனாலும் பின்னாலயே போறாளாம். குளிக்கப் போனா கதவுகிட்ட உக்காந்திருக்காளாம்."

எட்டாவது நாள்: "ஃபாரத்தைப் பத்திக் கேட்டாளாம். கூப்பிட்டா உடனே வரக்கூடியவங்க பேரை எழுதுன்னு டீச்சர் சொன்னாங்களாம். அதான் பெரியம்மா பேரை எழுதினேன்னு சொன்னாளாம்."

"நியாயம்தானே தம்பி."

"நியாயம்தான்" என்றார் அவர். அந்த விரிப்பின் மூலையைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். பின்னால் வந்த விரிப்புகள் குவிந்துவிட்டன.

அவள் திரும்புகிற சனிக்கிழமை நானும் அவரும் விமான நிலையத்துக்குப் போனோம். பதினொன்றரைக்கு விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டார்கள். வெளியே வரும் வழியில் ஒரு கம்பித் தடுப்பு, அதன்மேல் சாய்ந்து நின்றோம். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்ப்பார். வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், கட்டிப்பிடித்தவர்கள் எல்லோரும் போனார்கள். அவள் விமானத்தின் பெயர் பலகையிலிருந்தே போய்விட்டது. பன்னிரண்டரை. ஒன்றே கால். நான் தேநீர் வாங்கி வந்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உள்ள ரூம்ல உக்கார வச்சிருப்பாங்க" என்றேன்.

"ம்."

"உக்கார வச்சாலே திருப்பி அனுப்புறாங்கன்னு அர்த்தம் இல்ல தம்பி. எனக்குத் தெரிஞ்சு எத்தனையோ பேரை…"

"அக்கா, ஒருவேளை அவங்க அவளைத் திருப்பி அனுப்பினா, நானும் போயிடலாம்னு இருக்கேன். முட்டாள்தனம்னு சொல்வீங்க. ஆனா முடியல. அந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் எறங்கிடுச்சு. எதுக்காகத் தூக்குறேன்னு கேட்டா, அந்த நம்பருக்காகன்னு சொல்லணும்."

முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. துடைப்பக்காரப் பெண் ஒருத்தி எங்கள் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கதவு திறந்து அவள் வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை. தலைமுடி கலைந்து முகம் வீங்கியிருந்தது. அவர் தடுப்பைத் தாண்டி ஓடினார். அவள் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "வாங்க, போலாம்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியதும் சன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டில் நான் சோறு வைத்தேன். இஸ்திரி உறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அது எட்டாக மடித்த தடங்களோடு இருந்தது. மடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, காகிதம் படியாமல் மேசையில் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் கை தானாக இஸ்திரிப்பெட்டிப் பக்கம் போயிற்று. பத்து நாளாகத் தொடாத பெட்டி.

"வேணாம்" என்றாள் அவள்.

"கைக்குட்டை போட்டு, சும்மா லேசா…"

"அப்படியே இருக்கட்டும். விட்டுடுங்க."

தான் செய்த காரியத்தைத்தான் அவள் குத்திக்காட்டுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இவ்வளவு தூரம் வந்தபிறகும் இந்தப் பெண் இதை விடமாட்டாளா என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் என் எதிரில் அவள். மூலைகள் சரியாகச் சேர்ந்தன. இரண்டாவது வண்டியில் நானே ஆரம்பித்தேன்.

"கைக்குட்டையைக் காட்டினியா?"

"காட்டினேன். சிரிக்கல. திருப்பிப் பாத்துட்டுக் கம்ப்யூட்டர்ல நம்பரை அடிச்சாங்க."

"அப்புறம்?"

"எல்லாம் அதுலயே இருந்துச்சுக்கா. தேதி, முத்திரை, எல்லாம். காகிதம் சும்மா பேருக்குத்தானாம்."

"அப்ப மூணு மணி நேரம் என்ன செஞ்சாங்க?"

"நம்பர் அடிக்கிற ஆளு சாப்பிடப் போயிருந்தாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது. நாலு நாள் அவர்கள் அந்தக் காகிதத்தைச் சுற்றித் தவித்ததும், பத்து நாள் அந்த மனுஷன் கசங்கின சட்டையோடு திரிந்ததும் இதற்குத்தானா என்று நினைத்தேன். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பரிசீலனையில் உள்ளதாம்.

"சரி, கடிதத்தை ஏன் அப்படிச் சின்னதா மடிச்ச? உறையில வச்சுத்தானே கொண்டுபோன?"

மூன்று விரிப்புகள் போயின. நான்காவதில் வாயைத் திறந்தாள்.

"நான் மடிக்கல."

அடுத்ததில்: "கெளம்புற அன்னிக்குக் காலைல கடிதத்தைக் காணோம். உறை மட்டும் இருக்கு."

"அய்யோ."

"வீட்டையே கவுத்துப் போட்டோம். அரிசி டின்னைக்கூட எங்க அக்கா விடல."

விரிப்பு.

"வண்டி வந்து வாசல்ல நிக்குது. அக்கா அழுதுட்டா. பாப்பா மட்டும் பேசாம நின்னுட்டிருந்தா."

விரிப்பு.

"அப்புறம் அவளே போய் ஜியாமெட்ரி பாக்ஸைத் தொறந்து எடுத்துட்டு வந்தா. எட்டா மடிச்சிருந்தா. மூலையோட மூலை, ஒரு நூல் பிசகல. அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

என் கை நின்றுவிட்டது. அவள் விரிப்பை இழுத்து என்னை நடக்கவைத்தாள்.

"'இது இல்லேன்னா அங்க உன்னை உள்ள விடமாட்டாங்கதானே'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

விரிப்பு.

"அவரு நேத்துக் கேட்டாரு, பையில நசுங்கிடுச்சான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். இஸ்திரி போட்டதையே அவரால தாங்க முடியல. இதையும் எதுக்கு?"

அடுத்த விரிப்பில் இருவரும் நெருங்கி வந்தோம். நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அப்புறம் என்னடி ஆச்சு?"

"கையை நீட்டினேன் அக்கா" என்றாள். "குடுத்துட்டா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெண்டு கையிலும் மூலை இருந்ததால் துடைக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடாக அடுத்த விரிப்பு வந்து விழுந்தது. அவள் அதன் இரண்டு மூலைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.